பள்ளிக் கணினி ஆசிரியருக்கு எப்படித் துணை நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் நடத்தியவன். இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களோடு மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசுகிறேன், கூப்பிட்டால் லேபுக்கும் போய் நிற்கிறேன். பழைய மாணவர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கணினி ஆசிரியருக்கு மட்டும் தனியா என்ன உதவி வேணும்? எல்லா ஆசிரியருக்கும்தானே கஷ்டம் இருக்கு?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருப்பார், இல்லாவிட்டால் இயற்பியல் ஆசிரியராவது இருப்பார். கணினிக்குப் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஒரே ஒருவர்தான். அவருக்கு ஒரு நிரல் (புரோகிராம்) ஓடவில்லை என்றால் கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. இந்தத் தனிமைதான் பெரிய பிரச்சனை, கருவிப் பற்றாக்குறையை விடவும் பெரியது என்பது என் அனுபவம்.

அதற்கு மேல், பாடமே அடியோடு மாறியது. 2018-19இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-20இல் பிளஸ் டூவுக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. அதுவரை பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியும் நடத்திக்கொண்டிருந்தவர்கள் பைத்தான் என்ற வேறு நிரல் மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், தரவிலிருந்து வரைபடம் வரைவது என்று எல்லாவற்றையும் தாங்களே படித்துக்கொண்டு அடுத்த நாள் வகுப்பில் நிற்க வேண்டியிருந்தது. கணக்கிலும் வேதியியலிலும் பாடம் மாறும், ஆனால் அடிப்படை இப்படி ஒரே வருடத்தில் மாறாது.

அவங்க என்னதான் நடத்துறாங்க? வேர்டு, எக்செல்தானே?

கணினி அறிவியல் பிரிவில் வேர்டு, எக்செல் கிடையாது. பிளஸ் ஒன்னில் எண் முறைகள், இயக்க அமைப்பு, நெறிமுறை (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழி), அப்புறம் முழுக்க சி பிளஸ் பிளஸ். பிளஸ் டூவில் பைத்தான், தரவுத்தளம், சி.எஸ்.வி. கோப்பு (காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த தரவு), பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்குவது, கடைசியில் வரைபடம். வணிகவியல் பிள்ளைகள் எடுக்கும் கணினிப் பயன்பாடுகள் வேறு பாடம், அதில் வலைப்பக்கம், பி.எச்.பி. மொழி, மின்வணிகம் எல்லாம் வரும். பல பள்ளிகளில் இந்த இரண்டையும் நடத்துவது அதே ஒரே ஆசிரியர். நாலு மொழிகளை ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் பேச வேண்டிய வேலை இது.

நாங்க பழைய மாணவர்கள் சேர்ந்து பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம்னு இருக்கோம். நல்லதுதானே?

நல்ல மனசு. ஆனால் வாங்குவதற்கு முன் அந்த ஆசிரியரிடம் அரை மணி நேரம் பேசுங்கள், தலைமையாசிரியர் அறையில் இல்லை, லேபில் உட்கார்ந்து. நான் பார்த்த ஒரு பள்ளியில் இருபது கணினி இருந்தது, ஓடியது ஒன்பது. மற்றதில் பாதிக்கு விசைப்பலகையும் மவுஸும் போயிருந்தன, யு.பி.எஸ். பேட்டரி செத்து மின்சாரம் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பத்து புதுக் கணினி வாங்கும் பணத்தில் சின்ன பங்கு போதும், அந்தப் பதினொன்றில் பெரும்பாலானவை எழுந்து உட்கார்ந்திருக்கும்.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு நாலு முறை வந்து பார்க்கும் ஒரு நல்ல மெக்கானிக்கின் கூலியை ஏற்றுக்கொள்ளுங்கள். அது பலகையில் பெயர் பொறிக்கிற உதவி இல்லை, ஆனால் அந்த ஆசிரியர் உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். கொடுப்பதை முறையாகக் கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது, இல்லாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லித் தீர்மானம் போட்டுச் செய்யுங்கள். கையில் காசாக ஆசிரியரிடம் கொடுக்காதீர்கள், பின்னால் அவருக்குத்தான் சங்கடம்.

நான் ஐ.டி.யில் இருக்கேன், சனிக்கிழமை ஃப்ரீ. நேரா வந்து கிளாஸ் எடுக்கட்டுமா?

வாருங்கள், ஆனால் வகுப்பு எடுக்க வேண்டாம். லேபில் ஆசிரியருக்கு இரண்டாவது ஆளாக நில்லுங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ‘சார், எர்ரர்’, ‘மிஸ், வரல’ என்று கூப்பிடுவார்கள். ஒரு ஆள் எத்தனை பேரிடம் போக முடியும்? ஒரு பிள்ளை கை தூக்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால், அடுத்த வாரம் கை தூக்காது. நீங்கள் இன்னொரு வரிசையைப் பார்த்துக்கொண்டால் அந்த நேரம் பாதியாகும்.

ஒரு தம்பி உற்சாகமாக வந்து, பெரிய நிறுவனங்களில் தரவு ஆய்வு எப்படி நடக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. பிள்ளைகள் கை தட்டினார்கள். திங்கட்கிழமை மடக்கு (லூப்) எழுதச் சொன்னபோது முந்தின வாரம் எங்கே நின்றார்களோ அங்கேயேதான் நின்றார்கள். அதே தம்பி பிறகு ஆறு சனிக்கிழமை லேபில் பிள்ளைகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ‘இந்த வரி என்ன செய்யும்னு நினைக்கிற?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் பலன் தந்தது. தலைமையாசிரியரின் அனுமதி எழுத்தில் வேண்டும், ஆசிரியர் இல்லாமல் நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு லேபில் இருக்கக் கூடாது. இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளைங்க எங்கதான் அதிகமா தடுமாறுறாங்க? புதுசா சேர்ந்திருக்கேன், எதை எதிர்பார்க்கணும்?

பைத்தான் தொடங்கிய முதல் வாரமே இது வரும்: ஒரு மாணவி இரண்டு எண்களைக் கூட்ட நிரல் எழுதுவாள். 12 கொடுப்பாள், 8 கொடுப்பாள், விடை 128 என்று வரும். ‘மிஸ், கம்ப்யூட்டர் தப்பா கூட்டுது’ என்பாள். உடனே இன்ட் (எண்ணாக மாற்றும் கட்டளை) போடு என்று சொல்லிவிடாதீர்கள். உன் பெயரையும் அப்பா பெயரையும் கொடுத்துப் பார் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும்போது, இன்புட் வாங்கிக் கொடுப்பது எண் இல்லை, எழுத்துச் சரம் என்று அவளே கண்டுபிடிப்பாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாம் இந்த வேலைக்கு வந்தோம்.

அடுத்தது, திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்ற கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடிப்பது. செல்போன் விசைப்பலகை வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிப் பழக்கிவிட்டது, பைத்தான் அதை வேறு பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் முக்காற்புள்ளியை விடுவது, உள்தள்ளலில் சில வரிக்கு டேப், சில வரிக்கு இடைவெளி என்று கலப்பது. பிளஸ் ஒன்னில் நெளி அடைப்புக்குறி போட்டுப் பழகிய கை, பைத்தானில் இடைவெளிக்கே அர்த்தம் இருக்கிறது என்பதை ஏற்க ஒரு மாதம் ஆகும். மைஎஸ்க்யூஎல்லில் அரைப்புள்ளி போடாமல் என்டர் தட்டினால் ஒரு அம்புக்குறி வந்து காத்துக்கொண்டிருக்கும், ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று பிள்ளை கணினியை அணைத்துவிடும். அணைக்காதே, அது நீ வாக்கியத்தை முடிப்பதற்காகக் காத்திருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிளஸ் டூ முதல் பாடத்துல ‘லெட் ரெக்’னு வருதே, அது பைத்தான்ல ஓடவே மாட்டேங்குது?

ஓடாது, அது பைத்தான் இல்லை. செயற்கூறு (ஃபங்ஷன்) என்ற கருத்தை விளக்க, எம்.எல். என்ற வேறொரு நிரல் மொழிக் குடும்பத்தின் பாணியில் எழுதிய வடிவம் அது. புத்தகம் பைத்தானைப் பின்னால்தான் தொடங்குகிறது. இதை யாரும் சொல்லாததால் நிறைய புதிய ஆசிரியர்கள் பைத்தான் எழுதும் ஐடில் திரையில் அதை அடித்து அடித்துப் பார்த்து, தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்க ஆள் இல்லாத தனிமை என்று முதல் பதிலில் சொன்னது இதுதான்.

தேர்வுக்கு அதைப் புத்தகத்தில் உள்ளபடி கற்பியுங்கள். டிசம்பர் வாக்கில் பிள்ளைகளுக்குப் பைத்தான் கை வந்ததும் அதே செயற்கூறுகளைப் பைத்தானில் எழுதச் சொல்லுங்கள். தற்சுழற்சி (செயற்கூறு தன்னையே அழைப்பது) அப்போதுதான் நன்றாக உறைக்கும்.

லேப்ல நெட் இல்லை. கடைசி பிராக்டிகல்ல மேட்பிளாட்லிப் வேணுமே, எப்படிப் போடறது?

மேட்பிளாட்லிப் என்பது பைத்தானில் வரைபடம் வரையும் கூடுதல் தொகுப்பு. நெட் உள்ள ஒரு கணினியில், லேபில் இருக்கும் அதே பைத்தான் பதிப்பை முதலில் நிறுவுங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பிறகு பிப் என்ற, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியில் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் டவுன்லோட் என்று கொடுத்தால் மேட்பிளாட்லிப்பும் அதற்குத் தேவையான மற்ற கோப்புகளும் ஒரு ஃபோல்டரில் இறங்கும். அதைப் பென்டிரைவில் கொண்டுபோய், நெட்டைத் தேடாமல் இந்த ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொள் என்ற விருப்பங்களோடு பிப்பை ஓட்டினால் வேலை முடிந்தது. வீட்டிலிருந்தே இதைத் தயார் செய்து கொடுக்கலாம் என்பதால், ஐ.டி.யில் இருக்கும் நண்பர்கள் எடுத்துக்கொள்ள ஏற்ற வேலை இது.

விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி என்றால் பைத்தான் 3.8தான் கடைசி, 3.9லிருந்து அதில் ஏறாது. புதியதுதான் நல்லது என்று இறக்கி வந்து அரை நாள் போன கதை எனக்கும் உண்டு.

நெட் இருக்கு, ஆனா எந்த வெப்சைட்டும் திறக்கல. பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது. வைரஸா?

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் பின்னால் இருக்கும். கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் மாதிரி ஒரு வட்ட பேட்டரி, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், தீர்ந்துபோனால் மின்சாரம் போய் வந்ததும் தேதி பழையதாகிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று உலாவி நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். பிப் வேலை செய்யாமல் போவதற்கும் பல நேரம் இதே காரணம்தான். கடிகாரக் கடையில்கூட அந்த பேட்டரி கிடைக்கும், ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற செலவுதான். ஒரு லேபில் இரண்டு மாதம் ‘வைரஸ்’ என்று மூடிவைத்திருந்த ஏழு கணினியை ஒரு மதியத்தில் இப்படித் திறந்தோம்.

நாற்பது பேருக்கு ஒன்பது கம்ப்யூட்டர். எப்படி லேப் நடத்துறது?

பாதிப் பேரை வெளியே உட்காரவைத்து ரெக்கார்டு எழுதவிடுவதுதான் வழக்கம். அது வேண்டாம். கணினிக்கு இரண்டு பேர், ஒருவர் அடிக்க, ஒருவர் சொல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். மாறுவதில் கண்டிப்பாக இருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையே கடைசி வரை அடித்துக்கொண்டிருக்கும்.

மீதி இருபத்திரண்டு பேருக்குத் தாள் வேலை. சரியான நிரல் ஒன்றை வரி வரியாக வெட்டி, சீட்டுகளைக் கலைத்துப்போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். உள்தள்ளல் வேண்டிய சீட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். நாலு பேர் தரையில் சீட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை போடும்போது நடக்கும் கற்றல், திரைக்கு முன்னால் அவ்வளவு நடக்காது. இன்னொன்று, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் (வேரியபிள்) மதிப்பு என்ன என்று கட்டம் போட்டு எழுதுவது. பொதுத்தேர்வு தாளில்தானே நடக்கிறது, 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு இந்தக் கட்டப் பழக்கம் நேராகவே உதவும். பிறகு இரண்டு கூட்டமும் இடம் மாறட்டும்.

எங்க பிள்ளைங்க தமிழ் வழி. நிரல் இங்கிலீஷ்ல. புரியவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க?

பிரச்சனை ஆங்கிலம் மட்டும் இல்லை, சில தமிழ்ச் சொற்களும்தான். மாறி, மடக்கு, அணி, செயற்கூறு இவையெல்லாம் அருமையான சொற்கள், பிள்ளைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் இனக்குழு (கிளாஸ்) என்றதும் ஒரு பையன் மக்கள் கூட்டத்தைப் பற்றிய வரலாற்றுப் பாடம் என்று நினைத்துவிட்டான். உறை பொதியாக்கம், பல்லுருவாக்கம் இவற்றையும் சொல்லாக மட்டும் கொடுத்தால் மனப்பாடம்தான் ஆகும்.

கருத்தை முதலில் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். இடியாப்ப அச்சு ஒன்று, அதில் பிழியும் இடியாப்பம் எத்தனையோ, அச்சுதான் இனக்குழு, இடியாப்பம்தான் பொருள் (ஆப்ஜெக்ட்). புரிந்த பிறகு தமிழ்ச் சொல், அதன் பக்கத்திலேயே திரையில் வரும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக் கூட்டல். சுவரில் ஒரு பெரிய தாளில் இரண்டையும் எதிரெதிரே எழுதி ஒட்டிவையுங்கள். பிழைச் செய்திகளில் அடிக்கடி வரும் ஏழெட்டு ஆங்கில வாக்கியத்துக்கும் அதே மாதிரி தமிழ் விளக்கம் எழுதி ஒட்டினால் ‘சார், எர்ரர்’ பாதியாகக் குறையும்.

கட் ஆஃப்ல வராத பாடத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

உண்மைதான், பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கணக்கு. அதனால் ஜனவரி வந்தால் கணினி வகுப்பைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் நடக்கிறது. இன்னொரு பக்கம் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள், அதனால் அது எளிய பாடம் என்றும் ஒரு பேச்சு.

நூறு வாங்கிய பிள்ளை கல்லூரி முதல் பருவத்தில் ஒரு நிரலை வெற்றுத் திரையில் தொடங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், என்னிடம் படித்த பிள்ளையே. அது எனக்கு வலித்தது. அதே வகுப்பில் பட்டணத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதிப் பழகி வந்திருக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த இடைவெளியை அடைக்கக் கிடைப்பது இந்த இரண்டு வருட லேப் நேரம் மட்டும்தான். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘லேப் நேரம் வாரத்தில் எத்தனை நடந்தது?’ என்று கேட்டாலே போதும், பாதி மாறும்.

நான் தலைமையாசிரியர். எமிஸ், ஸ்காலர்ஷிப், சான்றிதழ் எல்லாம் கணினி ஆசிரியர்தான் பார்க்கிறார். வேற யாரிடம் கொடுப்பது?

ஐயா, உங்கள் நெருக்கடி புரிகிறது. மேலிடத்திலிருந்து மாலை நாலு மணிக்குள் பதிவேற்றச் சொல்லிச் செய்தி வந்தால் கண் முதலில் போவது அவர் பக்கம்தான். ஆனால் அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு மாதம் மட்டும் குறித்துப் பாருங்கள், அநேகமாக லேப் வகுப்பிலிருந்துதான். நான் பணியில் இருந்தபோது ஒரு பருவத்தில் பதினொரு லேப் வகுப்பு இப்படிப் போனது.

எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரம் பதியக் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை, வங்கிச் செயலி இயக்கத் தெரிந்த யாருக்கும் அது வரும். வகுப்பாசிரியர்கள் தங்கள் வகுப்பை அவரவரே பதிய, கணினி ஆசிரியர் இரண்டு மதியம் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். அப்புறம் லேப் நேரத்தில் மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லை என்று நீங்களே ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அவரால் அதைச் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல முடியும்.

பத்தாம் வகுப்பு அறிவியல்ல கம்ப்யூட்டர் பாடம் வருது, எனக்கு ஸ்கிராட்ச் தெரியாது. கணினி ஆசிரியரைக் கேட்கலாமா?

தாராளமாக. காட்சித் தொடர்பு என்ற அந்தக் கடைசிப் பாடத்தை நடத்துவது அறிவியல் ஆசிரியர்தான், பலர் நேரமில்லாமல் வாசித்து முடித்துவிடுகிறார்கள். இரண்டு பாடவேளை நீங்கள் இருவரும் சேர்ந்து லேபில் நடத்துங்கள், ஸ்கிராட்ச் மென்பொருளில் வரும் பூனையை நடக்கவைத்து ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பிளஸ் ஒன்னில் கணினிக்கு வரும் பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம், கணினி ஆசிரியருக்கும் பள்ளியில் ஒரு கூட்டாளி கிடைப்பார்.

பிள்ளைங்க சாட்ஜிபிடியில எடுத்து வந்துடறாங்க. என்ன செய்யறது?

தடை போட்டுப் பார்த்தோம், பலிக்கவில்லை. இப்போது நான் சொல்வது, கொண்டுவந்த நிரலில் ஒரு வரியைத் தொட்டு இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எழுதியவன் சொல்வான், எடுத்து வந்தவன் முழிப்பான். முழிப்பவனைத் திட்ட வேண்டாம், தாளில் மதிப்புக் கட்டம் போடச் சொல்லுங்கள், நாற்பது பேர் லேப் பற்றிச் சொன்னேனே, அதே கட்டம்தான்.

உங்களுக்கும் சாட்ஜிபிடி உதவும். ஒரே கணக்கை ஐந்து விதமாக மாற்றிக் கேட்கும் கேள்விகள், வேண்டுமென்றே பிழை வைத்த நிரல்கள் தயாரிக்க அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாணவன் கேட்டது எனக்கே தெரியல. ஒத்துக்கிட்டா மரியாதை போயிடாதா?

இதைக் கேட்டவர் பணியில் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு தங்கை, குரல் நடுங்கியது. ஒரு பையன் அவரிடம், பைத்தானில் எழுதிய சி.எஸ்.வி. கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறான். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்காவிட்டால் அப்படி வரும், எனக்கும் முதல் தடவை தெரியவில்லை. ‘எனக்குத் தெரியல, சேர்ந்து பார்க்கலாம் வா’ என்று சொல்லுங்கள் என்றேன். அவர் அன்று அப்படியே சொல்லி, இரண்டு பேரும் திரையில் தேடி, பையன்தான் கண்டுபிடித்தான். அவன் இப்போது அந்த லேபில் அவருக்கு வலது கை.

எங்க ஊர் ஆசிரியர் தப்பா சொல்லித்தர்றார்னு என் பையன் சொல்றான். யாரிடம் புகார் செய்யணும்?

முதலில் பையனின் நோட்டைப் பாருங்கள், பாதி நேரம் பலகையிலிருந்து எழுதி எடுத்ததில் பிழை இருக்கும். உண்மையிலேயே தவறு என்றால் புகாரை எடுக்காமல் அவரை நேரில் பாருங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ‘இது எங்க வீட்ல ஓடல சார், கொஞ்சம் பார்க்கறீங்களா?’ என்று நிரலைக் கொடுங்கள். திருத்திக்கொள்ள அவருக்கு வழி இருக்கும். ஒரே தவறு தொடர்ந்தால் அவரைப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர் குழுவோடு சேர்த்துவிடுவதுதான் தீர்வு, மேலிடத்துக் கடிதம் அவரை இன்னும் தனிமைப்படுத்தும்.

அந்த மாதிரிக் குழுவை எப்படி ஆரம்பிக்கிறது?

மூன்று பேர் போதும். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடிய பள்ளிகளாக இருக்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு முறை ஒவ்வொரு பள்ளி லேபில். கூட்டத்தலைவர், வரவேற்புரை எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் அந்த மாதம் பிள்ளைகளுக்குப் புரியாத ஒரு விஷயத்தையும் ஓடாத ஒரு நிரலையும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குழுவில் வாட்ஸாப் இருக்கிறது, ஆனால் அதில் வினாத்தாள் பகிர்வதோடு நின்றுவிடும். எனக்குத் தெரியாது என்று சொல்வதெல்லாம் நேரில் உட்காரும்போதுதான் வருகிறது.

பழைய மாணவர்களே, பத்துக் கணினிக்கு முன்னால் இதற்கு உதவ முடியுமா பாருங்கள். வரும் ஆசிரியர்களின் பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு.

எங்க பள்ளியில கணினி ஆசிரியரே இல்லை. அப்ப?

கணினி பயிற்றுநர் பணியிடத்தை நிரப்புவது ஆசிரியர் தேர்வு வாரியம், அதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். அது நடக்கும் வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரை வைப்பார்கள். பெரும்பாலும் அது உங்கள் ஊரிலேயே பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணாக இருக்கும், சம்பளம் மிகக் குறைவு, அதுவும் சில மாதம் தாமதமாகும். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் மாதா மாதம் போகிறதா என்று மேலாண்மைக் குழுவில் விசாரியுங்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் எண்ணை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். பணியிடம் காலியாக இருப்பதைப் பற்றிய தீர்மானத்தையும் ஒவ்வொரு கூட்டத்திலும் போட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.